கறுப்பு வரிசைக்கு மேலே

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது கிடைக்குமா என்று இரண்டு வாரம் தேடிப் பார்த்தேன். வரலாற்றின் மீது ஆர்வம், முன்னோர் மீது மரியாதை, வரும் தலைமுறைக்கு ஒரு— வேண்டாம். வயிற்றெரிச்சல்தான். ஒப்புக்கொண்டுவிட்டால் எழுதுவது கொஞ்சம் சுலபமாகிறது.

அயோவாவில் எங்கள் கவுண்டியின் வரலாற்றுச் சங்கம், சுட்ட களிமண் பிளாக்கில் கட்டிய பண்ணைக் கட்டடங்களைப் பற்றி ஒரு புத்தகம் போடப்போகிறது. மாட்டுக் கொட்டகை, பன்றிக் கொட்டகை, கோழிக்கூடு, எல்லாவற்றுக்கும் மேலாக சைலோ. பச்சை மக்காச்சோளத் தட்டையை நறுக்கிப் போட்டு, மிதித்து, காற்றுப் புகாமல் புளிக்கவைத்து, குளிர்காலம் முழுக்க மாட்டுக்குக் கொடுக்கிறோமே, அந்த உருண்டைக் கோபுரம். புத்தகத்தின் அட்டையில் டெல்பர்ட் மைன்ட்ஸின் சைலோ வருகிறது. முப்பத்தெட்டு அடி. அவனுடைய தாத்தா 1914இல் கட்டியது. ஒரு விரிசல் கிடையாது. சாயங்கால வெயில் பட்டால் இப்போதுதான் குளிப்பாட்டி நிறுத்தியது போல் பளபளக்கும். நான் பாத்திரம் கழுவும் ஜன்னலில் ஐம்பது வருடமாக அது நிற்கிறது.

எங்கள் வீட்டுச் சைலோ இருந்த இடத்தில் வட்டமாக ஒரு அஸ்திவாரம் மட்டும் இருக்கிறது. அதற்குள் நான் பூசணி போட்டிருக்கிறேன்.

டெல்பர்ட் போன் செய்தான். அவன் தாத்தா ஃபோல்கர்ட்டும், என் அப்பாவைப் பெற்ற ஃபென்னாவும் அண்ணன் தங்கை. அந்த உறவுமுறையில் அவன் என்னிடம் உரிமையோடு பேசுவான்.

"லவோன், உங்க சைலோவப் பத்தியும் ஒரு பக்கம் எழுதிக் குடேன். புத்தகத்துல எடம் இருக்கு."

"எங்க சைலோதான் இல்லையே."

"அதனால என்ன? இல்லாததப் பத்தி எழுதுறதுலதானே நீ கெட்டிக்காரி."

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. என்னுடைய இரண்டு சிறுகதைகள் சர்ச் பத்திரிகையில் வந்திருக்கின்றன. அதைப் பாராட்டித்தான் சொன்னான். அவன் எதையும் அன்பாகத்தான் சொல்வான். அதுதான் தாங்க முடியவில்லை.

2

முதல் தொடக்கம் இப்படி வந்தது:

‘எங்கள் நிலம் ஒரு காலத்தில் சேறு. ஃப்ரீஸ்லாந்துக் கடலோரச் சேற்றிலிருந்து கப்பலேறி வந்த எங்கள் ஆட்கள், அயோவாவிலும் தேடிப்பிடித்துச் சேற்றையே வாங்கினார்கள். தண்ணீரை வடிக்க நிலத்துக்கடியில் சுட்ட மண் குழாய் பதித்தார்கள். அதற்காக ஊருக்கு ஊர் சூளை முளைத்தது. எல்லா வயலும் வடிந்து முடிந்ததும் சூளைக்காரர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதே களிமண், அதே நெருப்பு. குழாய்க்குப் பதிலாக, உள்ளே ஓட்டை விட்ட வளைந்த பிளாக் செய்தார்கள். மரச் சைலோ கோடையில் காய்ந்து, வளையம் தளர்ந்து, காற்றில் சாயும். பிளாக் சைலோ எரியாது, இற்றுப்போகாது, எலி புகாது, பெயின்ட் கேட்காது. ஆகவே—’

ஆகவே ஒன்றுமில்லை. டெல்பர்ட் இதையேதான் எழுதியிருக்கிறான், என்னைவிட நன்றாக. ‘ஈரத்தை வடித்து முடித்த சூளைகள் பிறகு உயரத்தை விற்றன’ என்று ஒரு வாக்கியம் வைத்திருக்கிறான். வாழ்நாள் முழுக்கப் பன்றி வளர்த்த ஆளுக்கு இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது? இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டாவது தொடக்கம்: ‘வியார்ட் ட்யாடன் நல்ல மனிதன். அவனைப் பற்றி ஊரில் ஒருவரும்—’

ஒருவனை முதல் வரியிலேயே நல்லவன் என்று சொன்னால், அடுத்த பக்கத்தில் அவன் ஏதோ செய்யப்போகிறான் என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால் இதையும் விட்டேன்.

மூன்றாவது தொடக்கம் காலைச் சாப்பாட்டில் ஆரம்பிக்கிறது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

3

1916, ஏப்ரல். வியார்டுக்கு முப்பத்துநாலு வயது, பதினான்கு பசு, ஒரு மனைவி, மூன்று பிள்ளைகள், ஒரு மச்சான். இதில் கடைசியாகச் சொன்னதுதான் அவனுக்குப் பாரம்.

[வியார்ட் என் தாத்தா. ஆனால் இந்தக் கதையில் அவன் என்னைவிட நாற்பது வயது சின்னவன். அதனால் ‘அவன்’தான். ஃபென்னாவும் ‘அவள்’தான். இருவரும் மன்னிக்கட்டும்.]

"எங்க அண்ணன் வீட்டு மாடு பனி விழுறப்பகூடப் பச்சைத் தீவனம் தின்னுச்சுங்க," என்றாள் ஃபென்னா, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

"நம்ம மாடு மட்டும் என்ன பட்டினியா கெடந்துச்சு?"

"நான் அப்படிச் சொன்னேனா? அங்க பால் கூட வருதுன்னு சொன்னேன்."

"உங்க அண்ணன் மாடு பாட்டும் பாடும். அதையும் சேத்துச் சொல்லு."

"பாடுறது எங்க அண்ணன். மாடு கேக்கும். அதுங்களுக்காவது காது இருக்கு," என்று சிரித்தாள் அவள்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஃபோல்கர்ட்டின் பண்ணை. அவனிடம் எல்லாம் தானாக வந்து மடியில் விழுந்தது போலிருக்கும். சர்ச்சில் பாட எழுந்தால் கடைசி வரிசைவரை திரும்பிப் பார்ப்பார்கள். நல்ல குதிரையைச் சந்தையில் தேடிப்போகாமலேயே வாங்கிவிடுவான். வியார்ட் மூன்று வருடம் பாடுபட்டு வாங்கிய மாதிரி ஒரு கலப்பையை அவன் மழையில் மறந்து வைத்திருப்பான். கெட்டவனாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அவனோ, கேட்பதற்கு முன்பே தன் குதிரைகளை அனுப்பிவைப்பான், "வச்சிக்க மாப்ள, எனக்கு இன்னிக்கு வேலையில்ல" என்று. அந்தக் குதிரைகளை ஓட்டும்போதெல்லாம் வியார்டுக்கு எரிச்சல் வரும். நன்றியில்லாதவன் என்று தன்னையே திட்டிக்கொள்வான். அப்புறமும் வரும்.

அந்த வாரமே சைலோ கட்டுவதென்று முடிவெடுத்தான். முப்பது அடி. பதினான்கு மாட்டுக்கு அதுவே தாராளம். முடிவெடுத்த அன்று அவன் நியாயமான ஆளாகத்தான் இருந்தான். இதை அவன் பேத்தியாக நான் பதிவு செய்துவைக்க விரும்புகிறேன்.

4

ஃபோல்கர்ட்டுக்குக் கட்டிக்கொடுத்த பெவன் மேஸ்திரியே வந்தார். ஒஹாயோக்காரர். ஊர் ஊராகப் போய் சைலோ கட்டுவதுதான் தொழில். கட்டும் வீட்டில் தங்கி, அந்த வீட்டிலேயே சாப்பிடுவார். சாரத்தை உள்ளே போட்டுக்கொண்டு சுவரோடு சேர்ந்து அவரும் மேலே போவார். பிளாக்கைக் கயிற்றில் கட்டி உருளையில் விட்டு, மறுமுனையைக் குதிரையில் பூட்டியிருந்தார்கள். குதிரை வயலைப் பார்த்து நடந்தால் பிளாக் மேலே ஏறும். குதிரையை நடத்தியது ஃபென்னா.

இரண்டு வரிசைக்கு நடுவே, கலவைக்குள், வட்டமாகக் கம்பி வரும். புளிக்கும் தீவனம் தண்ணீரைப் போலத்தான். உயரம் கூடக்கூட அடிச்சுவரை வெளியே தள்ளும். அதனால் கீழே தடித்த கம்பி, மேலே போகப்போக மெல்லியது. எவ்வளவு உயரம் என்பதை முதல் வரிசை வைக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பிற்பாடு மனம் மாறினால் கீழே போய் கம்பி சேர்க்க முடியாது.

[இந்தக் கம்பி விஷயத்தை நினைவில் வையுங்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் டெல்பர்ட் தன் கட்டுரையில் கம்பியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி இது.]

இனி டீ. எங்கள் ஆட்களிடம் டீ ஒரு சட்டம். கோப்பையில் கற்கண்டு, அதன் மேல் கொதிக்கும் டீ, ஓரமாகப் பாலேடு, கலக்கக் கூடாது. விருந்தாளி தன் கரண்டியைக் கோப்பைக்குள் நிறுத்திவைக்கும்வரை வீட்டுக்காரி ஊற்றிக்கொண்டே இருப்பாள். பெவனுக்கு இது தெரியாது. அவர் கரண்டியைத் தட்டில் அழகாகப் படுக்கவைத்தார். ஊற்றிக்கொடுத்ததை மிச்சம் வைப்பது மரியாதையில்லை என்று குடித்தார். இரண்டு ஊர் மரியாதையும் மோதிக்கொண்டதில் ஒன்பது கோப்பை போயிற்று.

வியார்ட் ஒரு வார்த்தையில் விளக்கியிருக்கலாம். விளக்காமல் எண்ணிக்கொண்டிருந்தான்.

"மேஸ்திரிக்கு நம்ம வீட்டு டீ ரொம்பப் புடிச்சிருக்கு போல," என்றான் கடைசியில்.

"முதலாளி, இன்னும் ஒண்ணு குடிச்சா நான் சாரத்துல ஏற முடியாது. மெதக்கத்தான் முடியும்," என்றார் பெவன்.

ஃபென்னா வாயைப் பொத்திக்கொண்டு, அப்புறம் பொத்தவும் முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தான் சொன்ன எதற்காவது அவள் இப்படிச் சிரித்திருக்கிறாளா என்று வியார்ட் யோசித்தான். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் முப்பதாவது வரிசை, வரிசைக்கு ஓரடி. சூளையில் அதிகமாக வெந்து கறுத்துப்போன பிளாக்குகளைப் பெவன் தனியாக எடுத்துவைத்திருந்தார். கிரீடம் மாதிரி இருக்கட்டும் என்று கடைசி வரிசையை அவற்றாலேயே சுற்றி வைத்தார். வியார்ட் சாரத்தில் ஏறி அவர் பக்கத்தில் நின்றான். அங்கிருந்து மேற்கே பார்த்தால் மச்சானின் சைலோ. அதன் உச்சியை இன்னும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

"மேஸ்திரி, இன்னும் ஒம்பது வரிசை ஏத்துங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? எனக்கு வேணும்."

பெவனும் மேற்கே திரும்பிப் பார்த்தார். "அது முப்பத்தெட்டு. நான் கட்டுனதுதானே. அப்ப உங்களுக்கு முப்பத்தொம்பது."

"அடுத்தவன் ஒயரம் எனக்கு எதுக்கு?"

"அதானே, எதுக்கு? முதலாளி, கீழ போட்ட கம்பி முப்பது அடிக்குப் போட்டது. அதுக்கு மேல ஒம்பது ஏத்துனா காலியா இருக்கறவரைக்கும் நிக்கும். நெரப்புனா வெடிச்சிரும். இந்தக் கறுப்பு வரிசையத் தாண்டி ஒரு கூடை தீவனம் போடக் கூடாது."

"என் மச்சானுக்கு மட்டும் கட்டுனீங்களே?"

"அவரு மொத நாளே சொன்னாரு."

இந்தப் பதில்தான் வியார்டைச் சுட்டது. மொத நாளே சரியாகச் சொன்னானாம். அங்கேயும் முந்திக்கொண்டான்.

"நீங்க கெளம்பலாம் மேஸ்திரி. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

5

பெவன் என்று ஒருவர் இருந்தாரா? தெரியாது. ஒன்பது கோப்பையும் நான் ஊற்றியதுதான். எனக்கு உண்மையில் தெரிந்தது கொஞ்சம். ஒரு பழைய புகைப்படம்: உயரமான சைலோ, அதன் முக்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே கறுப்பாக ஒரு பட்டை. என் அப்பா இறப்பதற்கு முந்தின வருடம், நான் கேட்காமலேயே சொன்ன ஒரு வாக்கியம்: "கறுப்பு வரிசைவரைக்கும்தான் கொத்தனார் கட்டுனது, மிச்சம் எங்க அப்பா." பிறகு, சைலோ எப்படி விழுந்தது என்று யாரைக் கேட்டாலும் வரும் ஒரு சொல்: காற்று. எங்கள் வீட்டிலும் காற்று, டெல்பர்ட் வீட்டிலும் காற்று. இரண்டு குடும்பமும் நூறு வருடத்தில் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான். அதனால்தான் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

வியார்டைப் பற்றியும் எனக்குச் சந்தேகம் வருகிறது. மனைவியின் சிரிப்பைக் கேட்டு மேஸ்திரியை அனுப்பினானா, மச்சான் சைலோவின் உயரத்தைப் பார்த்து அனுப்பினானா? முதல் பிரதியில் டீ. இரண்டாவதில் உயரம். இப்போது இரண்டையும் வைத்திருக்கிறேன். பொறாமை வந்தவனுக்கு எது முதலில் வந்தது என்று தெரிவதில்லை. எனக்கே டெல்பர்ட்டின் சைலோ மீதா, அவனுடைய வாக்கியத்தின் மீதா என்று சொல்லத் தெரியவில்லை.

ஒன்பது வரிசையையும் வியார்டே வைத்தான். பதினெட்டு நாள்.

"மேஸ்திரி ஏங்க சொல்லிக்காமப் போயிட்டாரு?" என்று கீழேயிருந்து ஃபென்னா கேட்டாள், குதிரையைப் பிடித்துக்கொண்டு.

"வேற ஊர்ல வேலையாம்."

"முடிக்காமலா?"

"முடிஞ்சிருச்சு. இது என் சொந்த ஆசைக்கு."

"எதுக்குங்க இவ்ளோ ஒயரம்? நமக்கு இருக்கறது பதினாலு மாடு."

"மாடு பெருகும்."

"பெருகட்டும், பெருகட்டும். ஒட்டகச்சிவிங்கி வாங்கப் போறீங்களோன்னு பாத்தேன்," என்று குதிரையை வயல் பக்கம் நடத்தினாள். பிளாக் மேலே ஏறியது. மேஸ்திரி சொன்னதை அவளிடம் சொல்ல வியார்ட் வாயைத் திறந்தான். சொன்னால் அடுத்த வார்த்தை "எங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்று வரும். கலவையை அள்ளி அடுத்த பிளாக்குக்குப் பூசினான்.

6

இனி வருவது இந்தக் கதையில் நானே எதிர்பார்க்காதது. ஃபோல்கர்ட்டை வேலியோரம் கொண்டுவந்து நிறுத்தினேன். முப்பத்தொன்பதாவது வரிசையைப் பார்த்து அவன் முகம் வாட வேண்டும் என்பது என் திட்டம். அவன் உயரத்தைக் கவனிக்கவே இல்லை.

"மாப்ள," என்று தொப்பியைக் கழற்றினான். "அந்தக் கறுப்புப் பட்டை."

பெவன் ஏதாவது சொல்லிவிட்டாரோ என்று வியார்ட் பயந்தான். "அதுக்கென்ன?"

"என்னா அழகுடா! இடுப்புல பெல்ட்டு போட்ட மாதிரி. யாரு யோசனை?"

"என் யோசனைதான்," என்று வியார்டின் வாய் சொன்னது.

"அந்தப் பெவன் எனக்கு ஏன் இப்படி வைக்கல? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அந்த ஆளு. எனக்கு மொட்டையா நிக்குது பாரு." அவன் தன் சைலோவைத் திரும்பிப் பார்த்தான், மறுபடி இதைப் பார்த்தான். அந்தப் பார்வை என்னவென்று வியார்டுக்கு நன்றாகத் தெரியும். வாழ்நாள் முழுக்கத் தான் பார்த்த பார்வை அது. ஒரு மனிதனின் முகத்தில் அதை வெளியிலிருந்து பார்ப்பது அவனுக்கு அதுவே முதல் தடவை.

"நிஜமாச் சொல்றேன் மாப்ள, எனக்குப் பொறாமையா இருக்கு," என்றான் ஃபோல்கர்ட், அதையும் சிரித்துக்கொண்டே.

அன்று வியார்ட் ஃபென்னாவைத் தேடிப்போய், காரணம் சொல்லாமல் அவள் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான். இனி அந்தப் பட்டை எதற்கு இருக்கிறது என்று சொல்ல முடியாது. சொன்னால், இந்த ஒரு நாளும் போய்விடும்.

[இதை எழுதிக்கொண்டிருக்கும்போது டெல்பர்ட்டின் போன் வந்தது. "லவோன், உங்க சைலோ படம் ஒண்ணு கெடச்சிருக்கு. அந்தக் கறுப்புப் பட்டையப் பாத்தியா? எங்க தாத்தா கடைசிவரைக்கும் பொலம்புவாராம், எனக்கு அது இல்லாமப் போச்சேன்னு. எனக்கும்தான். அட்டைக்கு உங்களுதப் போட்டிருக்கலாம்னு தோணுது." நான் போனை வைத்தேன். ரொம்ப சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது: இந்தக் கதையைக் கொடுத்தால் டெல்பர்ட்டுக்குப் பட்டையின் அர்த்தம் தெரிந்துவிடும்.]

7

செப்டம்பர். சைலோ நிரப்பும் நாள்.

எங்கள் பக்கம் இது தனி ஆள் வேலையில்லை. பன்னிரண்டு பண்ணைக்காரர்கள் ஒரு செட்டு. வெட்டும் இயந்திரம் வீடு வீடாகப் போகும், பின்னாலேயே பன்னிரண்டு பேரும் போவார்கள். வண்டியில் சோளத்தட்டை வரும். இயந்திரம் அதை நறுக்கி, குழாய் வழியாக உச்சிக்கு ஊதி, உள்ளே கொட்டும். உள்ளே மூன்று பேர் வட்டமாக நடந்து மிதித்துக்கொண்டே இருப்பார்கள். மிதிக்கவில்லையென்றால் காற்று தங்கி எல்லாம் பூஞ்சை பிடித்துவிடும். தீவனம் ஏற ஏற அவர்களும் ஏறுவார்கள். மிதிப்பதில் ஃபோல்கர்ட்டை மிஞ்ச ஆளில்லை. பாடிக்கொண்டே மிதிப்பான்.

வியார்ட் முட்டாளில்லை. அவனிடம் ஒரு திட்டம் இருந்தது. முப்பது அடிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சோளம்தான் அறுத்துவைத்திருந்தான். தீவனம் கறுப்பு வரிசையைத் தொட்டதும் கையை விரித்து, "சோளம் தீந்துபோச்சு, அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் வெதைக்கணும்" என்று சொல்வான். யாரும் சிரிக்க மாட்டார்கள். சோளம் தீர்வது சகஜம்தானே.

மூன்று மணிக்குச் சுவரில் ஏணியோரம் விட்டிருந்த கதவுத் துளை ஒன்றில் ஃபோல்கர்ட்டின் தலை தெரிந்தது. "மாப்ள! உன் பெல்ட்டுக்கு வந்தாச்சு!"

"அவ்வளவுதான் மச்சான்! சோளம் தீந்துபோச்சு!" வியார்ட் கையை விரித்தான்.

"அதெல்லாம் தீராது, அந்தப் பக்கம் பாரு!"

வேலியின் கதவு திறந்தது. ஃபோல்கர்ட்டின் குதிரைகள், ஃபோல்கர்ட்டின் வண்டிகள். ஒன்று, இரண்டு, மூன்று. பின்னால் நான்காவது. எல்லாவற்றிலும் தட்டை, கயிறு போட்டுக் கட்டும் அளவுக்கு.

"எனக்கு இந்த வருஷம் மிச்சமாயிருச்சு. இவ்வளவு ஒயரமாக் கட்டிட்டுத் தலையில காலியா விடுவியா? என் தங்கச்சி வீடுடா அது!" என்று கத்தினான் மேலேயிருந்து.

ஃபென்னா வாசலில் டீக் கெட்டிலோடு நின்றிருந்தாள். "பாத்தீங்களா எங்க அண்ணன!" என்றாள், முகமெல்லாம் மலர.

முதல் வண்டியின் தட்டை இயந்திரத்துக்குள் போகத் தொடங்கியது.

8

இங்கே கதை நின்றுவிட்டது. முடிவுகள் வந்தன, எதுவும் உட்காரவில்லை.

(அ) வியார்ட் ஒன்றும் சொல்லவில்லை. தீவனம் ஏறியது. நான்காவது வண்டியின் போது அடிச்சுவர் பிளந்தது. இந்த முடிவை மூன்று பக்கம் எழுதினேன். கம்பி அறும் சத்தம், தூசி, நின்றுபோன பாட்டு, எல்லாம் அருமையாக வந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. டெல்பர்ட்டின் அப்பா பிறந்தது 1919இல். ஃபோல்கர்ட் 1916இல் செத்தால் டெல்பர்ட் கிடையாது. போன் கிடையாது, ‘ஈரத்தை வடித்து முடித்த சூளைகள்’ கிடையாது, அட்டை காலி. நான் எவ்வளவு சந்தோஷமாக அந்த மூன்று பக்கத்தை எழுதினேன் என்பது நினைவுக்கு வந்தது. ஃபென்னாவின் முகத்தை எழுத வேண்டிய இடத்தில் பேனா நகரவில்லை. பக்கங்களைக் கிழித்தேன். (கிழிக்கவில்லை. மேஜையின் கீழ் இழுப்பறையில் இருக்கின்றன.)

(ஆ) வியார்ட் கத்தினான்: "நிறுத்துங்க! கம்பி பத்தாது! மேல இருக்கற ஒம்பது வரிசையும் சும்மா!" மற்ற பதினோரு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒருவன்—

இதற்கு மேல் எழுத முடியவில்லை. பிறகு ஒருவன் சிரிப்பான் என்று எனக்குத் தெரியும். அவனைப் பார்த்து அடுத்தவன். குளிர்காலம் முழுக்க ஊரில் இதே பேச்சாக இருக்கும். அந்த ஒன்பது வரிசைக்கு ‘வியார்ட் தொப்பி’ என்று பெயர் வைப்பார்கள். ஃபோல்கர்ட் மட்டும் சிரிக்க மாட்டான். இறங்கி வந்து, தோளில் கைபோட்டு, "பரவால்ல மாப்ள" என்பான். சரியான முடிவு இதுதான், ஒருவருக்கும் காயமில்லை. நூறு வருடம் கழித்தும் அந்தக் கையை என் தாத்தாவின் தோளில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

(இ) வியார்ட் ஏணியைப் பிடித்து ஏறினான்.

இதை நான் யோசிக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது அவனே ஏறிவிட்டான். கதவுத் துளை வழியாக உள்ளே குதித்து, மற்ற இருவரையும் பார்த்து, "நீங்க போங்க, டீ ஆறுது. நான் மிதிக்கிறேன்" என்றான். அவர்கள் இறங்கினார்கள்.

"நீயும் போ மச்சான்."

"நான் எதுக்கு? இப்பதான் சூடு புடிச்சிருக்கு."

"காலையிலேருந்து மிதிக்கிற. போய்க் கொஞ்சம் ஒக்காரு."

"செட்டுல பன்னெண்டு சைலோ. ஒண்ணுலகூட முடியறதுக்கு முன்னால நான் எறங்குனதில்ல. உன் சைலோவுக்கு மட்டும் எறங்குவேனா?"

"எறங்குன்னா எறங்கு!"

"என்னாச்சு உனக்கு? மொகமெல்லாம் வெளுத்திருக்கு," என்று ஃபோல்கர்ட் நின்று பார்த்தான். "ஓ, உன் சைலோவ நீயே முடிக்கணுமா? சொல்ல வேண்டியதுதானே. வா, ரெண்டு பேரும் முடிப்போம். நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்."

அவன் பாடத் தொடங்கினான். உண்மையைச் சொல்ல வியார்டுக்கு நான்கு வார்த்தை போதும். அந்த நான்கையும் சொல்வதற்குப் பதிலாகத் தன் உயிரைக் கொண்டுவந்து மச்சானின் உயிருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான். அதை அவன் ஒரு நேர்மை என்றுகூட நினைத்துக்கொண்டிருக்கலாம். எதிரெதிரே, ஒரே வேகத்தில், வட்டமாக நடந்தார்கள். தலைக்கு மேல் தட்டை மழையாகக் கொட்டியது. கறுப்பு வரிசை அவர்கள் முழங்காலுக்குக் கீழே போயிற்று. பிறகு புதைந்து மறைந்தது.

9

இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள யாரையும் நான் வைக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கவனிக்காவிட்டாலும் பரவாயில்லை, நானே இப்போதுதான் கவனிக்கிறேன். செட்டில் மற்ற எல்லாருக்கும் வேலை கொடுத்தேன். எஞ்சின் பக்கம் ஆள் இல்லை. ஆகவே நீங்கள் நிற்கிறீர்கள்.

மேலே இருப்பவர்களுக்கு அடிச்சுவர் தெரியாது. உங்களுக்குத் தெரியும். மூன்றாவது வரிசைக்கும் நான்காவது வரிசைக்கும் நடுவே கலவை கோடாகப் பிரிந்து, அந்தக் கோட்டிலிருந்து பச்சை நீர் கசிகிறது. முதலில் வியர்வை போல. இப்போது ஒழுகத் தொடங்கிவிட்டது. இரண்டாவது வண்டி காலியாகிவிட்டது. மூன்றாவதின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஃபென்னா உங்களுக்கும் ஒரு கோப்பை எடுத்து வருகிறாள்.

எஞ்சினிலிருந்து வெட்டும் இயந்திரத்துக்கு ஓடும் பெல்ட்டை விடுவிக்கும் நெம்புகோல் உங்கள் வலது கைப்பக்கம் இருக்கிறது. கீழே தள்ளினால் போதும், எல்லாம் நின்றுவிடும். ஏன் நிறுத்தினீர்கள் என்று எல்லாரும் உங்களைப் பார்ப்பார்கள். நீங்கள் சுவரைக் காட்ட வேண்டியிருக்கும். அதன் பிறகு வியார்டின் வாழ்க்கையில், மச்சான் அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்ட அந்த ஒரு நாள் இருக்காது. டெல்பர்ட் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரு போன் அழைப்பும் இருக்காது.

அவ்வளவுதான் நஷ்டம். இரண்டு உயிருக்கு எதிரே இது ஒன்றுமேயில்லை என்று எனக்குத் தெரியும், குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் உங்களை அங்கே நிறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. அந்த இடத்தில் முதலில் நான் நின்று பார்த்தேன். இந்தக் கதையை ஏழு முறை எழுதினேன். ஏழு முறையும் அந்த நீர் ஒழுகுவதைப் பார்த்தேன், மேலே இருவர் நடப்பதைக் கேட்டேன், கையை நெம்புகோலில் வைத்தேன். ஒரு முறைகூட நான் தள்ளவில்லை.